லீவில் வரும் கணவரும் மெடிக்கல் ஷாப் மாத்திரையும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பல வீடுகளில் கணவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். ‘இப்போதைக்குக் குழந்தை வேண்டாம்’ என்று நினைக்கும் தம்பதிகளுக்கு, ‘அந்த ஒரு மாத்திரை போதுமே’ என்று தோன்றிவிடுகிறது. 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர கருத்தடை மாத்திரையைத்தான் சொல்கிறேன்.

அதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அதிகமாகச் சுரந்தால்தான் கருமுட்டை வெளியே வரும். மாத்திரை அந்தச் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். அது செத்துப்போகும் வரை முட்டையை வரவிடாமல் வைப்பதுதான் மாத்திரையின் வேலை. எல்.எச். ஏற்கெனவே உயரத் தொடங்கிவிட்டால் பலன் மிகக் குறைவு. அதனால் 72 மணி நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். தங்கிவிட்ட கருவை இது கலைக்காது. கருக்கலைப்பு மாத்திரை வேறு. அதை மருத்துவரைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, நின்றுபோகவில்லை. லீவின் முதல் வாரத்தில் மாத்திரை போட்டவருக்கு அடுத்த வாரம் முட்டை வரலாம், கணவரும் ஊரில்தான் இருப்பார். ஆகவே மாத்திரை போட்ட பிறகும் காண்டம் கட்டாயம் தேவை. அரசு மருத்துவமனையில் 5 நாளுக்குள் கருப்பைக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டால் அவசரத்துக்கும் இதைவிட நன்றாகப் பலன் தரும், அடுத்தடுத்த லீவுகளுக்கும் உதவும்.

தினசரி மாத்திரை என்றால் டிக்கெட் போடும்போதே யோசிக்க வேண்டும். மாலா-டி அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. மாதவிடாய் தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பித்தால் உடனே பாதுகாப்பு. தள்ளி ஆரம்பித்தால் முதல் 7 நாள் காண்டமும் வேண்டும். பிரஷர் இருப்பவர்கள், கண் முன் வெளிச்சம் மின்னும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பால் கொடுப்பவர்களுக்கு ஹார்மோன் இல்லாத ‘சாயா’ என்ற மாத்திரை உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். முதல் 3 மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று.

லீவுக்காரர்களுக்கு என் முதல் தேர்வு காண்டம்தான். பால்வினை நோயையும் தடுப்பது இந்த வரிசையில் இது ஒன்றே. ஆனால் காண்டம் செய்யும் லேடெக்ஸ் என்பது ரப்பர். தேங்காயெண்ணெயோ வாசலினோ பட்டால் எண்ணெய் ரப்பருக்குள் ஊறி, சில நிமிடத்திலேயே அதன் வலு குறையும், கிழியும். தண்ணீரில் செய்த ஜெல்லிதான் சரி. நம்மூர் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்ததை நம்ப வேண்டாம். வெயில் படாத அலமாரியில் வைத்து, எக்ஸ்பைரி தேதி பார்த்து எடுங்கள்.

அவசர மாத்திரை போட்டு, மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் இன்னொரு மாத்திரை தேடக் கூடாது. கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்குங்கள். கரு தங்கியிருந்தால் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் காலையில் முதலில் போகும் சிறுநீரில்தான் அடர்த்தியாக இருக்கும், அதில் பாருங்கள். இரண்டு கோடு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி இருந்தால், கிட்டுக்கெல்லாம் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.