நியூட்ரல்: நொதுமலா, நடுநிலையா?

வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பாக்ஸைத் திறந்தால், திருகுகள் வரிசையாகப் பதித்த ஒரு பித்தளைக் கட்டை கண்ணில் படும். மின்னோட்டம் திரும்பி வரும் நியூட்ரல் கம்பிகள், அதாவது கருப்பு வயர்கள், எல்லாம் அதில்தான் வந்து சேரும். நியூட்ரல் லிங்க் என்பது அதுதான்.

நியூட்ரல் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது: ‘நே’ என்றால் இல்லை, ‘உட்டெர்’ என்றால் இரண்டில் ஒன்று. இரண்டும் சேர்ந்த இலத்தீன் சொல்லுக்கு ‘இதுவும் அன்று, அதுவும் அன்று’ என்று பொருள். 1883-இல் எடிசன் காப்புரிமை பெற்ற மூன்று கம்பி நேர்மின்னோட்ட முறைக்கு இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. ஓரக் கம்பிகளில் ஒன்று நேர், மற்றது எதிர், நடுக்கம்பி இரண்டுமல்ல. இரு பக்கச் சுமையும் சமமாக இருந்தால் நடுக்கம்பியில் மின்னோட்டமே இராது. மூன்று ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி) இணைப்பின் நடுப்புள்ளியிலிருந்து வரும் கம்பிக்கும் பிறகு அதே பெயர் நிலைத்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை நடுநிலைக் கம்பி என்கின்றன. இலங்கைத் தமிழில் நொதுமல் கம்பி. சங்கப் பாடல்களில் நொதுமலர் என்றால் அயலார். குறள் 111-க்கு உரை சொல்லும் பரிமேலழகர் ‘பகை, நொதுமல், நட்பு’ என்று மூன்றாகப் பிரிக்கிறார். பகையும் இல்லை, நட்பும் இல்லை என்பதே நடுவில் நிற்பது. இலத்தீன் சொல்லின் பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் தமிழில் கிடைப்பது அரிது. நடுநிலை என்றதும் நீதிபதியின் நினைவு வருகிறது, எனவே நம் ஓட்டு நொதுமலுக்கே. கடையில் மட்டும் நியூட்ரல் என்றே கேளுங்கள்.

எந்தப் பெயரில் அழைத்தாலும் அது சாதுவான கம்பி அல்ல. ஒற்றை ஃபேஸ் வீட்டில் ஃபேஸ் வழியே 8 ஆம்பியர் போனால் நியூட்ரல் வழியே அதே 8 ஆம்பியர் திரும்புகிறது. ஆகவே ஃபேஸ் 2.5 சதுர மி.மீ. என்றால் நியூட்ரலும் 2.5தான். லிங்க்கில் ஒரு துளைக்கு ஒரு வயர். இரண்டைத் திணித்தால் ஒன்று இறுகும், மற்றது தளரும். தளர்ந்த இடம் சூடாகிக் கருகும். பல இழை வயரின் முனையில் பின் லக்ஸ் என்ற சிறு உலோக முனையைப் போட்டு நசுக்கிவிட்டால் இழை பிரியாது. எம்சிபியின் (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) எண்ணையே அதன் நியூட்ரலுக்கும் ஒட்டி, அதே வரிசையில் இறக்குங்கள். பழுது தேடும்போது பாதி வேலை மிச்சம்.

மின்கசிவைக் கண்டு அணையும் ஆர்சிசிபி இரண்டு இருந்தால் லிங்க்கும் இரண்டு வேண்டும். போகும் மின்னோட்டத்தையும் திரும்புவதையும் ஒப்பிட்டு, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டிப்பதே ஆர்சிசிபியின் வேலை. ஒன்றின் ஃபேஸை எடுத்து மற்றதன் நியூட்ரலில் முடித்தால் 9 வாட் எல்இடி பல்பைப் போட்டாலே ‘டிரிப்’ ஆகும். மாடிப்படி விளக்கில்தான் இந்தக் குளறுபடி அதிகம்: கீழ்த்தள ஃபேஸ், மேல்தள நியூட்ரல். ஆர்சிசிபி பழுது என்று மாற்றிவிடுபவர்களும் உண்டு.

பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் தனி ஃபியூஸ் கட்டை இருக்கும். அது எரிந்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டர்வரை ஃபேஸ் உயிரோடு நிற்கும். நியூட்ரலைத் துண்டிப்பதானால் ஃபேஸையும் சேர்த்தே துண்டிக்கும் இரட்டை முனை ஸ்விட்ச்தான் சரி.

மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் கழன்றால் சேதம் பெரிது. ஒரு ஃபேஸில் 2000 வாட் கீசர், அடுத்ததில் மொத்தம் 200 வாட்டுக்குக் குண்டு பல்புகள், மூன்றாவதில் ஒன்றுமில்லை என்று கொள்ளுங்கள். நியூட்ரல் போனதும் இவ்விரண்டும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நிற்கும். கீசருக்கு ஏறத்தாழ 38 வோல்ட், பல்புகளுக்கு 377. எம்சிபி அசையாது, அது மின்னோட்டத்தைத்தான் பார்க்கிறது, வோல்ட்டை அல்ல.

ஒற்றை ஃபேஸில் நியூட்ரல் அறுந்து, ஏதாவது ஒரு ஸ்விட்ச் போட்டபடி இருந்தால், பிளக்கின் இரு துளையிலும் டெஸ்டர் எரியும். மெயினை அணைத்து, மல்டிமீட்டரால் சோதித்த பிறகே லிங்க் திருகுகளை முடுக்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் அறுந்திருந்தால் மின்வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.