விதண்டாவாதம்: ஒரு சொல்லின் வேரும் அதற்கேற்ற தமிழும்

நீட் தேர்வு, தேனி நியூட்ரினோ ஆய்வகம், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், செயற்கை நுண்ணறிவு என்று எதைப் பற்றி இணையத்தில் தமிழில் பேச்சு எழுந்தாலும், சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் எதிராளியைப் பார்த்து “இது விதண்டாவாதம்” என்று எழுதிவிடுகிறார். அதோடு பேச்சு நின்றுபோகிறது, இல்லாவிட்டால் வசவாகிறது. சிலர் இச்சொல்லைப் பிடிவாதம் என்ற பொருளில் எழுதுகிறார்கள். சிலருக்கு அது சம்பந்தமில்லாத பேச்சு. பலருக்கு அது பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி. இச்சொல் பிறந்த இடத்தில் இவை எதுவும் அதன் பொருள் அல்ல. அங்கே அதற்கு மிகக் குறுகிய, துல்லியமான ஒரு பொருள் உண்டு. அது நமக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சொல் சமஸ்கிருதம். ‘விதண்டா’ என்பதோடு ‘வாதம்’ சேர்ந்தது. தமிழ்த் தருக்க நூல்களில் ‘விதண்டை’ என்று வரும். ‘தண்ட்’ என்னும் அடிக்கு அடித்தல், தாக்குதல் என்று பொருள் சொல்லி, ‘எதிர்த்தரப்பை அடித்து வீழ்த்துவது’ என்று வடமொழி இலக்கணிகள் விரிப்பார்கள். கோல், அபராதம் என்று பொருள்படும் ‘தண்டம்’ வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் ‘தண்டமான வாதம்’ என்று சிலர் பிரிப்பது பொருந்தாது. ‘விதாண்டாவாதம்’ என்று நீட்டி எழுதுவதும் பிழை.

பண்டைய இந்தியத் தருக்க நூலான, கௌதம முனிவரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய இருவர் சேர்ந்து ஆராய்வது வாதம். இருவருக்கும் தனித்தனி நிலைப்பாடு இருக்கும். சான்றும் தருக்கமும்தான் கருவிகள். இரண்டாவது ஜல்பம். இங்கே நோக்கம் வெற்றி. தன் நிலைப்பாட்டை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும், அதற்காகச் சொற்புரட்டும் செய்யலாம். இந்தப் புரட்டுக்குத் தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டு ‘நவ கம்பளம்’. ஒருவன் புதிய கம்பளம் என்ற பொருளில் சொல்கிறான். மற்றவன் அதை ஒன்பது கம்பளம் என்று எடுத்துக்கொண்டு, “இவனிடம் ஏது ஒன்பது? ஒன்றுதானே இருக்கிறது” என்று மடக்குகிறான். ஒரு தலைவரின் பேச்சிலிருந்து ஒற்றைச் சொல்லை மட்டும் உருவி நாள் முழுக்கச் சண்டை போடுவதை அன்றாடம் பார்க்கிறோமே, அதற்கு அவர்கள் அன்றே பெயர் வைத்து வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் விதண்டை. அதற்குச் சூத்திரம் தரும் இலக்கணம் ஒரே வரி: அந்த ஜல்பத்திலேயே, தன் எதிர்நிலையை நிறுவும் வேலை இல்லாமற் போனால் அது விதண்டை. அதாவது விதண்டை பேசுபவர் எதிராளி சொல்வதை மறுப்பார், மறுத்துக்கொண்டே இருப்பார், தான் சொல்ல வருவது என்னவென்று மட்டும் ஒருபோதும் சொல்லமாட்டார். மருத்துவ நூலான சரக சம்ஹிதையிலும் இச்சொல் வருகிறது. மருத்துவர்கள் தமக்குள் எப்படி விவாதிக்க வேண்டும் என்று சொல்லும் பகுதியில், எதிர்த்தரப்பில் குற்றம் சொல்வது மட்டுமே விதண்டை என்கிறார் சரகர். அந்த ‘மட்டுமே’யில்தான் உயிர் இருக்கிறது. குற்றம் சொல்வது தவறென்று அவர் சொல்லவில்லை.

‘நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்’ என்பதை விதண்டாவாதத்துக்கு எடுத்துக்காட்டாகப் பலர் சொல்கிறார்கள். அது பொருந்தவில்லை. முயல் பிடித்தவனுக்கு ஒரு நிலைப்பாடு இருக்கிறது. மூன்று கால் என்கிறான். முயலைத் தூக்கி வைத்து எண்ணினால் அவன் தோற்றுப்போவான். அவனைப் பிடிவாதக்காரன் என்று சொல்லலாம், மிஞ்சினால் ஜல்பக்காரன் எனலாம். விதண்டை பேசுபவனோ முயலுக்கு எத்தனை கால் என்று கடைசிவரை சொல்லமாட்டான். நாலு என்றால் அதில் ஒரு குறை, மூன்று என்றால் அதில் வேறொரு குறை. அவனைத் தோற்கடிக்க வழியே இல்லை, ஏனென்றால் அவன் எதையும் பந்தயத்தில் வைக்கவில்லை.

நிலவுப் பயணத்தைப் பற்றிய சண்டையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1969 முதல் 1972 வரை அப்பல்லோ திட்டத்தில் ஆறு முறை மனிதர்கள் நிலவில் இறங்கினார்கள். அதை நம்பாதவர் முதலில் கேட்பது, காற்றே இல்லாத இடத்தில் கொடி எப்படி அசைந்தது என்று. கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி செருகியிருந்தார்கள். கம்பத்தை நடும்போது துணி ஆடியது. தடுக்கக் காற்று இல்லாததால் ஆட்டம் அடங்க நேரமானது. பதில் வந்ததும் அவர் அதை ஏற்பதுமில்லை, மறுப்பதுமில்லை. வானத்தில் ஏன் நட்சத்திரம் இல்லை என்கிறார். வெயிலில் பளீரென்று மின்னும் தரையையும் வெள்ளை உடையையும் எடுக்க வைத்த ஒளி அளவில் மங்கலான நட்சத்திரம் பதியாது. நிழல்கள் ஏன் இணையாக விழவில்லை? மேடுபள்ளமான தரை, தொலைவுக் காட்சி. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டையைத் தாண்டி எப்படி உயிரோடு போனார்கள்? சில மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள். இப்படியே போகும். ஒவ்வொரு கேள்வியும் தனியாகப் பார்த்தால் நல்ல கேள்வி. பள்ளிப் பிள்ளை கேட்டால் தட்டிக்கொடுக்க வேண்டிய கேள்வி.

இப்போது அவரிடம் திருப்பிக் கேளுங்கள்: கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் எங்கிருந்து வந்தன? 1970இல் சோவியத்தின் ஆளில்லாக் கலம் லூனா 16 கொண்டுவந்தது 101 கிராம். அமெரிக்கா பொய் சொல்லியிருந்தால் அம்பலப்படுத்த எல்லாக் காரணமும் இருந்த நாடு அது. தன் கையிலேயே நிலவு மண் இருந்தும் அது அப்படிச் சொல்லவில்லையே, ஏன்? விண்வெளி வீரர்கள் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களில் பட்டு லேசர் ஒளி இன்றும் திரும்பி வருகிறதே? இதற்கு ஒருவர், “சோவியத் நிலவில் இறக்கிய ஆளில்லாத லுனாகோத் வண்டிகளிலும் எதிரொளிப்பான் இருக்கிறது, அதனால் மனிதன் போனான் என்று ஆகாது” என்றால் அது அருமையான மறுப்பு. அவரோடு மேலே பேசலாம். ஆனால் பெரும்பாலும் வரும் விடை, “நான் ஒன்றும் சொல்லவில்லையே, கேள்விதான் கேட்கிறேன்” என்பது. ‘ஸ்டுடியோவில் எடுத்தார்கள்’ என்று சொன்னால் எந்த ஸ்டுடியோ, யார், கல் ஏது என்று அவர் நிறுவ வேண்டிவரும். அந்தச் சுமையைத் தோளில் ஏற்றாமலே நின்றுகொண்டிருக்க உதவும் வாக்கியம் அது. விதண்டையை அடையாளம் காண வேண்டுமானால் பேச்சின் சூட்டையும் குரலையும் விட்டுவிட்டு இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் விதண்டை பேசுபவரிடம், அதாவது வைதண்டிகரிடம், உன் நோக்கம் என்ன என்று கேட்கச் சொல்கிறார். ஒரு நோக்கத்தை அவர் ஒப்புக்கொண்டால் அதுவே அவருடைய தரப்பு, அதுவே அவருடைய துணிபு, அதாவது முடிவு. அந்த நொடியே அவர் வைதண்டிகர் அல்லாதவர் ஆகிவிடுகிறார். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் உலக வழக்கில் பேசுபவரும் அல்லர், ஆராய்ச்சியாளரும் அல்லர். இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது அதன் கண்ணியம். எதிராளியைத் திட்டவில்லை, வாயை அடைக்கவில்லை. வெளியே வரக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கேட்கிறது. இன்றைய பேச்சில் இதை “உங்கள் நிலை என்ன? எதைக் காட்டினால் ஏற்றுக்கொள்வீர்கள்?” என்று கேட்கலாம்.

அந்த மரபு விதண்டையை முழுக்க ஒதுக்கவும் இல்லை. முளைவிடும் பயிரைக் காக்க முள்கிளையால் வேலி கட்டுவதைப் போல, கண்டறிந்த உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் உதவும் என்கிறது அதே சூத்திரம். எனக்கென்று நிறுவ வேண்டிய கூற்று எதுவும் இல்லை என்று அறிவித்தே எதிர்த்தரப்புகளை ஆராய்ந்தவர் பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர். அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்தார், மறைத்துக்கொண்டு செய்யவில்லை.

சொல்லைத் தவறாக வீசும் ஆபத்தும் உண்டு, இன்று அதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு மூலிகைக் கஷாயம் புற்றுநோயைத் தீர்க்கும் என்று ஒருவர் சொல்கிறார். சான்று எங்கே என்று கேட்டவரிடம், “விதண்டாவாதம் பேசாதே, உன்னிடம் வேறு மருந்து இருக்கிறதா?” என்கிறார்கள். கேட்டவர் மருந்து வைத்திருக்கத் தேவையில்லை. ‘சான்று வராத வரை நம்பக் கூடாது’ என்பதே அவர் நிலைப்பாடு; அதை அவர் சொல்லியும்விட்டார். கூற்றை முன்வைத்தவர்தான் நிறுவக் கடமைப்பட்டவர்.

வாக்கு இயந்திரத்தின் கதையும் இப்படித்தான். 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று தோற்ற வேட்பாளர் வழக்குப் போட்டார். 1984இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. 1988இல் சட்டமே திருத்தப்பட்டது. (பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திர உருவாக்கத்தை மேற்பார்த்தவர்களில் ஒருவர் நம் எழுத்தாளர் சுஜாதா.) பின்னாளில் யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு வந்தது. எல்லாச் சீட்டுகளையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டவர்களின் மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று தள்ளுபடி செய்தது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணுவது என்ற பழைய அளவே தொடர்கிறது. மனுதாரர்கள் வழக்கில் தோற்றார்கள். ஆனாலும் அவர்கள் பேசியது விதண்டை அல்ல. அவர்களிடம் நிலைப்பாடு இருந்தது, எதைச் செய்தால் ஐயம் தீரும் என்றும் சொன்னார்கள். அவர்களுக்கு மறுமொழியாகச் சீட்டு எண்ணும் நேரத்தையும் ஆளையும் காட்டிப் பேசியவர்களும் விதண்டைக்காரர்கள் அல்லர். தான் தோற்ற தேர்தலில் மட்டும் இயந்திரத்தைப் பழித்து, வென்ற தேர்தலில் பேசாமல் இருந்து, எந்தச் சோதனையையும் ஏற்காத பேச்சும், ஐயம் கேட்டாலே தேசத்துரோகி என்னும் பேச்சும் வேறு வகை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? குதர்க்கம் என்பதும் வடசொல்தான். அது கோணலான தருக்கத்தைக் குறிக்கும். வீண்வாதம், வெற்றுவாதம் இரண்டும் பயனற்ற பேச்சு என்று பொதுவாகச் சொல்லி நின்றுவிடுகின்றன. ஏட்டிக்குப் போட்டி சற்று நெருங்குகிறது. ‘குறுக்குச்சால் ஓட்டுதல்’ இன்னும் நெருக்கம். நேராகப் போகும் உழவுச்சாலுக்குக் குறுக்கே உழுது கெடுப்பவன் தனக்கென்று ஒரு சாலும் முடிப்பதில்லை. பேச்சுவழக்குக்கு இதையே தயங்காமல் எழுதலாம்.

எழுத்துக்குத் துல்லியமான சொல் வேண்டுமானால் நம் இலக்கண நூல்களிலேயே வழி இருக்கிறது. தொல்காப்பியம் மரபியலில் முப்பத்திரண்டு உத்திகளில் ஒன்று ‘மறுதலை சிதைத்துத் தன்துணிபு உரைத்தல்’. எதிர்க்கருத்தைச் சிதைப்பதோடு நிறுத்திவிடாமல் தன் துணிபையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த உத்தி நிறைவாகும். விதண்டை என்பது இதன் முதற்பாதி மட்டும். நன்னூலில் பவணந்தியார் ஏழுவகை மதம், அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கை, சொல்லும்போது ‘மறுத்தல்’ என்பதையும் ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு’ என்பதையும் வைக்கிறார். தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது இரண்டாவது. மறுப்பு, நிறுப்பு என்ற இந்த இணை கௌதமரின் இலக்கணத்துக்கு நேராக அமைகிறது. ஆகவே தருக்கம் பற்றி எழுதும் இடங்களில் ‘நிறுப்பிலா மறுப்பு’ எனலாம். அன்றாட எழுத்துக்கு அது நீளம் என்றால் ‘வெற்றுமறுப்பு’ போதும். சரகரின் ‘மட்டுமே’ அந்த ‘வெற்று’வில் வந்துவிடுகிறது. ‘வெறுமறுப்பு’ என்றும் ஆக்கலாம், ஆனால் கண்ணுக்கு வெறுப்பு என்று படும் என்பதால் நான் அதை விலக்குகிறேன். பேசுபவரை வெற்றுமறுப்பாளர் எனலாம்.

வாதம், வாதி என்ற சொற்களையும் விரட்ட வேண்டும் என்று நான் கருதவில்லை. ‘ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்று புகாரில் இந்திர விழாவை அறிவிக்கும் மணிமேகலை வரிகளிலேயே வாதி குடியேறிவிட்டார். உறுபொருள் வாதி என்றால் தனக்கென்று ஒரு பொருள் உடைய வாதி. அந்தப் பொருளோடுதான் மண்டபம் ஏறச் சொன்னார்கள். அடுத்த வரிகள் ‘பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்கின்றன. பகைவரே ஆனாலும் சினமும் பூசலும் இன்றி விலகிப் போகச் சொல்வது இது.

விதண்டாவாதம் என்ற சொல்லையே தொடர்ந்து எழுத விரும்புபவர்கள் எழுதலாம். பழகிய சொல், எல்லாருக்கும் புரிகிறது. எழுதும்போது எதிராளி தன் நிலைப்பாட்டைச் சொல்லியிருக்கிறாரா என்று மேலே போய் ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள். சொல்லியிருந்தால் அந்தச் சொல் அங்கே பொருந்தாது. அவர் கூற்று தவறென்றால் தவறு என்றே எழுதலாம்.