முதல் டைவ் கம்ப்யூட்டர்: அது கணக்கிடுவது உங்கள் உடலை அல்ல

ஸ்கூபா டைவிங்கின் தொடக்கநிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் கைக்கு வந்ததும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்பதுதான். எழுத்து பெரிதாகத் தெரிகிற, பொத்தான்கள் குறைவான, பேட்டரியை நீங்களே மாற்றிக்கொள்ளக்கூடிய எதையும் வாங்குங்கள் என்று சொல்லிவிடுவேன். பிராண்டு விவாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. வாங்கியவர் அதில் தெரியும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதில்தான் கவலை.

டைவைப் பொறுத்தவரை, கையில் கட்டிக்கொள்ளும் அந்தக் கருவி அளப்பவை இரண்டே: தண்ணீரின் அழுத்தம், கடந்த நேரம். மீதியெல்லாம் கணக்கு. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகப் பிரிகிறது. இதற்கு முதலில் ஒழுங்கான கணக்குப் போட்டவர் உடலியல் ஆய்வாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, உடலை ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்து, 1908இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அட்டவணைகளை வெளியிட்டார்கள். சூரிச்சில் பணியாற்றிய ஆல்பர்ட் பூல்மான் பின்னர் அதை 16 திசுக்களாக விரித்தார். இன்றைய கருவிகள் பலவற்றுக்குள் ஓடுவது அவருடைய கணிதம்தான். அந்த 16 திசுக்களில் ஒன்றுகூட உங்களுடையது இல்லை. நேற்றிரவு தூங்கினீர்களா, காலையிலிருந்து தண்ணீர் குடித்தீர்களா, நீரோட்டத்தை எதிர்த்து உதைத்துக் களைத்துப்போனீர்களா, உங்களுக்கு வயது 25ஆ 55ஆ என்பதெல்லாம் கருவிக்குத் தெரிய வழியில்லை.

திரையில் ஆழமும் நேரமும் யாருக்கும் புரிந்துவிடும். குழப்புவது என்.டி.எல். (நோ-டிகம்ப்ரஷன் லிமிட்) என்ற மூன்றாவது எண். இதே ஆழத்தில் இன்னும் அதிகபட்சம் எத்தனை நிமிடம் இருந்துவிட்டு, வழியில் கட்டாயமாக நிற்கவேண்டிய தேவையின்றி மேலே வரலாம் என்பதை அது சொல்கிறது. பலரும் வகுப்பில் பார்த்திருக்கும் ஆர்.டி.பி. (ரெக்ரியேஷனல் டைவ் பிளானர்) அட்டவணையில் இது 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம். டைவ் முழுவதையும் அதிகபட்ச ஆழத்திலேயே கழித்ததாக எடுத்துக்கொள்கிறது அட்டவணை. கம்ப்யூட்டரோ சில நொடிகளுக்கு ஒருமுறை புதிதாகக் கணக்குப் போடுகிறது. அந்தமானின் ஹேவ்லாக் தீவிலுள்ள டிக்சன்ஸ் பினக்கிள் போன்ற இடத்தில் ஆழத்தில் தொடங்கிப் பாறையைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும்போது, குறைந்துகொண்டே வந்த எண் மறுபடி வளரும். இந்தச் சலுகைக்காகத்தான் அதை வாங்குகிறோம்.

சிக்கலும் இங்கேதான். என்.டி.எல். மூன்று நிமிடம் என்று காட்டியதும் புதியவர்கள் பலர் இரண்டு மீட்டர் ஏறுவார்கள். எண் ஆறாகும். அங்கேயே நின்று ஆமையைப் படமெடுப்பார்கள். மறுபடி மூன்று, மறுபடி இரண்டு மீட்டர். கருவியின் கணக்குப்படி அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை, ஆனால் டைவ் முழுவதையும் எல்லைக்கோட்டை ஒட்டியே கழித்திருப்பார்கள். ரிசர்வ் விழுந்த பிறகே பெட்ரோல் பங்க்கைத் தேடும் பழக்கம் தரையில் செல்லும், கடலில் செல்லாது. தொடக்கத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: என்.டி.எல். ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் தெளிவாகத் தெரியும் அளவு மேலே வந்துவிட வேண்டும். பீப் ஒலிக்காகக் காத்திருக்கவே கூடாது.

இன்னொன்று, என்.டி.எல். என்பது காற்றுக் கணக்கு அல்ல. புதுச்சேரியின் டெம்பிள் ரீஃபில் 18 மீட்டரில் புதியவர் ஒருவரின் சிலிண்டர் பெரும்பாலும் 56 நிமிடத்துக்கு வெகு முன்பே காலியாகிவிடும். "கம்ப்யூட்டரில் இன்னும் நேரம் இருந்ததே" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. சிலிண்டருடன் இணைக்கப்படாத கருவிக்கு உங்கள் காற்றைப் பற்றி எதுவும் தெரியாது. பிரஷர் கேஜையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

மேலே வரும் வேகத்தை நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரிலிருந்து 20க்கு வரும்போது அழுத்தம் கால் பங்குதான் குறைகிறது. கடைசி 10 மீட்டரில் அது பாதியாகிவிடுகிறது. படகு கண்ணில் பட்டதும் பலர் விரைவது சரியாக அந்த இடத்தில்தான். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தை, காற்று இருக்கும்வரை, விருப்பத் தேர்வாக நினைக்காதீர்கள்.

கருவியின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) படகில் வைத்துப் பார்ப்பது வீண். அலையில் ஆடிக்கொண்டு, கண்ணாடியில் நீர்த்துளியோடு யாரும் கையேடு படிக்க முடியாது. முந்தைய நாளே பாருங்கள். வாடகைக் கருவி என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை: முன்பு வைத்திருந்தவர் அதை நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, 32 சதவீதத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க, கருவி நைட்ரஜனைக் குறைத்துக் கணக்கிட்டு அதிக நேரம் காட்டும். ஆழமும் நேரமும் மட்டும் காட்டும் கேஜ் மோடில் இருந்தால் என்.டி.எல். கணக்கே இருக்காது. பாதுகாப்பு அளவைக் கூட்டும் வசதி பெரும்பாலான கருவிகளில் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். கூட்டியே வையுங்கள். நண்பரின் கருவி பத்து நிமிடம் கூடுதலாகக் காட்டினால் பொறாமை வேண்டாம், இருவரில் யாருடையது குறைவோ அதுவே இருவருக்கும்.

ஒரு கருவியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது இன்னும் நடக்கிறது. ஒருவர் கையில் கட்டிக்கொண்டு, மற்றவர் "பக்கத்திலேயே இருந்தேன்" என்கிறார். அவர் மூன்று மீட்டர் கீழே இருந்திருப்பார். காலை டைவில் ஒருவர், மதியம் வேறொருவர் என்று மாற்றுவது இன்னும் மோசம். காலையில் கரைந்த நைட்ரஜன் ஒருவர் உடலில், அதன் கணக்கு மற்றவர் கையில்.

டைவ் முடிந்தபின் திரையில் ஓடும் விமானக் குறியைப் பலர் பார்ப்பதே இல்லை. டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை, விமானம் ஏறும் முன் ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்பட்டிருந்தால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். போர்ட் பிளேரிலிருந்து சென்னை விமானம் பிடிப்பவர்கள் கடைசி நாளை டைவுக்கு வைக்காதீர்கள். நம்மவர்கள் மறந்துவிடுவது மலைகளை. விமானத்தின் உள்ளே பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தமே இருக்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். ராமேஸ்வரம் பக்கம் காலையில் டைவ் செய்துவிட்டு மாலையில் காரில் கொடைக்கானல் ஏறினால், உடலுக்கு அது விமானப் பயணம்தான்.

அன்று மாலை தோள்பட்டையிலோ முழங்கையிலோ வலி, தோலில் அரிப்பு, விரல் மரத்துப்போதல், காரணமில்லாத அசதி என்று ஏதாவது வந்தால், "கம்ப்யூட்டர் எதையும் மீறியதாகக் காட்டவில்லை" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். எல்லைக்குள் டைவ் செய்தவர்களுக்கும், அந்தக் குமிழிகளால் வரும் அழுத்த நீக்க நோய் வருகிறது. சரியாகிவிடும் என்று மறுபடி தண்ணீருக்குள் இறங்கவும் வேண்டாம். டைவ் கடையிலுள்ள ஆக்சிஜனை உடனே கேளுங்கள், டைவ் மருத்துவம் தெரிந்த மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அருகில் எங்கே இருக்கிறது என்பதைப் பயணத்துக்கு முன்பே விசாரித்து வைத்திருந்தால் அப்போது அலைய வேண்டியிருக்காது. மருத்துவமனைக்குப் போகும்போது கம்ப்யூட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எவ்வளவு வேகமாக ஏறினீர்கள் என்பது அதன் பதிவில் இருக்கும், மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.