கண் திறந்தால் நினைவு வந்துவிட்டதா?

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது "நினைவு வந்திட்டுதா டொக்டர்?" என்பதைத்தான். தலையில் அடிபட்டவர் கண் திறந்துவிட்டால் அழுகையும் சிரிப்புமாக ஊருக்கு போன் போகும். ஆனால் கண் திறப்பதும் நினைவு வருவதும், அதாவது சுற்றி நடப்பதை உணர்வதும், மூளைக்குள் நடக்கும் வேறு வேறு வேலைகள்.

விழிப்பைக் கவனிப்பது மூளையை முள்ளந்தண்டு வடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டு. 1949இல் மொருஸி, மகூன் என்ற ஆய்வாளர்கள் மயக்கத்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டை மின்சாரத்தால் தூண்டியபோது, அதன் மூளை அலைகள் விழித்திருக்கும் பூனையுடையவை போல மாறின. இந்தப் பகுதி தப்பியிருந்தால் கண் திறக்கும், தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும். சுற்றி நடப்பது தெரிய அது போதாது. பெருமூளையின் மேலடுக்கான புறணியின் பகுதிகளும், மூளையின் நடுவே தகவல்களைக் கடத்தும் தலமஸும் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள வேண்டும். நரம்புக் கலங்களின் எண்ணிக்கை இதைத் தீர்மானிப்பதில்லை. மூளையின் சுமார் 8,600 கோடிக் கலங்களில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. சிறுமூளை இல்லாமலே பிறந்தவர்களோ முழு உணர்வோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

சரி, உணர்வு உள்ளே இருந்தும் உடம்பு அசையாவிட்டால்? 2006இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அந்த ஆய்வில் சோதிக்கப்பட்டவர், சாலை விபத்துக்குப் பிறகு, கண் திறந்தும் எதற்கும் பதில் தராமல் கிடந்த 23 வயதுப் பெண். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாக நினைக்கச் சொன்னார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி இயங்கியது. வீட்டு அறைகளில் நடப்பதாக நினைக்கச் சொன்னபோது இடம் அறியும் பகுதி இயங்கியது. 'டென்னிஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் மூளை தானாகத் துடித்ததா? அப்படியானால் சில நொடிகளில் அடங்கியிருக்கும். இதுவோ ஓய்வெடுக்கச் சொல்லும்வரை, 30 நொடிகள் தொடர்ந்தது. 2010இல் வேறொரு நோயாளி ஆமென்றால் டென்னிஸ், இல்லையென்றால் வீடு என்று நினைத்தே கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

இது அபூர்வமும் அல்ல. 2024இல் வெளியான ஆய்வில், கட்டளைக்கு உடம்பால் பதில் தராத 241 பேரில் 60 பேரின் மூளை அந்தக் கட்டளைக்கு இணங்கியது. அவர்களைப் பற்றிக் கட்டிலருகே பேசும்போது நாம் இதை மறக்கவே கூடாது.

எல்லோருக்கும் ஸ்கேன் கிடைக்காது. கட்டிலருகே செய்யும் சோதனையில் முகம் பார்க்கும் கண்ணாடியை நோயாளியின் கண் முன்னே மெதுவாக நகர்த்துவார்கள். சொந்த முகத்தைத்தான் கண் எளிதில் பின்தொடரும். உணர்வு நாளுக்குள்ளேயே கூடிக்குறையும் என்பதால் பல தடவை பார்க்க வேண்டும். பக்கத்திலிருக்கும் அம்மா "நான் கூப்பிட்டால் பார்க்கிறான்" என்று சொன்னால், வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டு அந்த நேரத்திலேயே மறுபடி சோதிக்க வேண்டும்.