தெற்கு இல்லாத யார்க்‌ஷயர்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று, இங்கிலாந்தின் யார்க் நகரத்தைச் சுற்றியுள்ள பழைய மதிலின் வாசல்களில் சிலர் கூடுவார்கள். ஒருவர் கையில் தாளுடன் நின்று உறுதிமொழி ஒன்றைச் சத்தமாக வாசிப்பார். யார்க்‌ஷயர் என்பது அந்நகரத்தைச் சுற்றியுள்ள கவுன்ட்டி, நம் மாவட்டம் மாதிரி. அதன் பழைய பிரிவுகளுக்கு ரைடிங் என்று பெயர். மிக்கிள்கேட் வாசலில் மேற்கு ரைடிங்கை நோக்கி ஒரு முறை, பூத்தம் வாசலில் வடக்கு ரைடிங்கை நோக்கி ஒரு முறை, வேறொரு வாசலில் கிழக்கு ரைடிங்கை நோக்கி ஒரு முறை. அப்புறம் நகரத்துக்குள்ளே வந்து யார்க்குக்கென்று ஒரு முறை. இந்த எல்லைகளுக்கு எத்தனை வயது என்பதையும் அதில் சொல்வார்கள். 875-இலிருந்து எண்ணி, வருடத்துக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

மேற்கு, வடக்கு, கிழக்கு சரி. தெற்கு எங்கே?

தெற்கு இருக்க வழியே இல்லை. ரைடிங் என்ற சொல்லுக்கே மூன்றில் ஒரு பங்கு என்றுதான் பொருள். குதிரை சவாரிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. டேனியர் முதலிய வட ஐரோப்பியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் மூன்றிலொன்றை 'த்ரிதியுங்ர்' என்பார்கள். ஆங்கிலத்தில் புழங்கி அது 'த்ரிதிங்' ஆயிற்று. அதன் முன்னால் திசையின் பெயர் வந்து ஒட்டியபோதுதான் சிக்கல். 'நார்த்' முடிகிற ஒலியிலேயே 'த்ரிதிங்' தொடங்குகிறது. வேகமாகச் சொன்னால் இரண்டில் ஒன்று காதில் விழாது. 'ஈஸ்ட்', 'வெஸ்ட்' இரண்டும் டகரத்தில் முடிவதால் அங்கும் அதே கதிதான். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறதல்லவா, அப்படி அந்தத் தகரமும் கெட்டது. மரவேரைப் பிரித்தால் நமக்கு மரம் முழுசாகத் திரும்பிவிடும். அங்கே பிரித்தவர்களுக்கு மிஞ்சியது வெறும் ரைடிங். 1086-இல் எழுதிய டூம்ஸ்டே என்ற இங்கிலாந்தின் நிலக் கணக்கேட்டில் 'ட்ரெடிங்' என்று இருக்கிறது. அதாவது, முன்னெழுத்து அப்போதே பாதி தேய்ந்துவிட்டது.

நார்ஸ் சொல் அங்கே எப்படிப் போனது? 866-இல் டேனியர் படை யார்க்கைப் பிடித்தது. பத்து வருடம் கழித்து, 876-இல், அவர்களின் தலைவன் ஹாஃப்டான், யார்க்கைச் சுற்றி வாழ்ந்த நார்தம்பிரியர்களின் நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தான் என்றும், அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள் என்றும் ஆங்கிலோ-சாக்ஸன் காலக்குறிப்பு சொல்கிறது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். வாளோடு வந்தவர்கள் ஏர் பிடித்த வருடம் அது. 954-இல் அவர்களின் கடைசி அரசனும் துரத்தப்பட்டான். அவர்கள் பழக்கிவிட்ட பங்குமுறையும் அதன் பெயர்களும் மட்டும் தங்கிவிட்டன.

அந்த முறை வேலை செய்த விதத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் எளிதாகப் புரியும். அடியில் இருந்தது காருகேட். எட்டு எருது பூட்டிய ஏர் ஒரு வருடத்தில் உழக்கூடிய நிலம் என்று கணக்கு. அதில் எட்டில் ஒரு பங்குக்குப் போவேட் என்று பெயர், ஒரு எருதின் பங்கு. ஒரு கிராமத்துக்கு இத்தனை காருகேட் என்று எழுதிவைத்து, அதை வைத்து வரி போட்டார்கள். பல கிராமங்கள் சேர்ந்தது ஒரு வேப்பன்டேக். பல வேப்பன்டேக்குகள் சேர்ந்தது ஒரு ரைடிங். மூன்று ரைடிங்குகள் சேர்ந்தது யார்க்‌ஷயர். மூன்றும் வந்து முட்டுகிற இடத்தில் யார்க் நகரம், எந்த ரைடிங்கிலும் சேராமல் தனியாக நின்றது.

வேப்பன்டேக் என்றால் ஆயுதத்தைத் தொடுவது அல்லது உயர்த்துவது. திறந்த வெளியில் கூட்டம் நடக்கும். ஒரு முடிவுக்குச் சம்மதம் என்றால் ஆயுதத்தை உயர்த்திக் காட்ட வேண்டும். புதிய தலைவர் பதவிக்கு வரும்போது தன் ஈட்டியை நிமிர்த்திப் பிடிப்பார் என்றும், வந்தவர்கள் எல்லாரும் தங்கள் ஈட்டியால் அதைத் தொடுவார்கள் என்றும் 12-ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்பு ஒன்று விவரிக்கிறது. வேப்பன்டேக்கில் தீராத வழக்கு ரைடிங்குக்குப் போகும், அங்கும் தீராவிட்டால் கவுன்ட்டிக்குப் போகும் என்ற படிவரிசையையும் அதே நூல் சொல்கிறது.

கூடும் இடம் எல்லாருக்கும் கண்ணில் படுகிற ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குன்று, ஒரு கற்சிலுவை, ஒரு பெரிய மரம். மேற்கு ரைடிங்கில் ஸ்கைராக் என்றொரு வேப்பன்டேக். அந்தப் பெயருக்குள்ளே இருப்பது ஓர் ஓக் மரம். லீட்ஸ் நகரின் ஹெடிங்லியில் நின்ற கிழட்டு ஓக்தான் அது என்று ஊர்க்காரர்கள் நம்பி வந்தார்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அந்த ஊரைத் தெரியும். 1941-இல் அந்த மரம் சாய்ந்துவிட்டது. மரத்தின் நினைவில் பெயர் வைத்த இரண்டு மதுக்கூடங்கள், 'ஸ்கைராக்' ஒன்று, 'ஒரிஜினல் ஓக்' ஒன்று, சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்றும் இருக்கின்றன.

எல்லைகளைப் பெரும்பாலும் ஆறுகளே பார்த்துக்கொண்டன. வடக்கையும் கிழக்கையும் நெடுந்தூரம் பிரிப்பது டெர்வென்ட். யார்க்குக்குத் தெற்கே மேற்கையும் கிழக்கையும் பிரிப்பது ஊஸ். மூன்றிலொன்று என்பதற்காகப் பரப்பு சமமாக இருக்கவில்லை. மேற்கு ரைடிங் கிழக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இவ்வளவு பழைய பங்கு எப்படிச் சாகாமல் இருந்தது? தினசரி வேலை அதன் தலையில் ஏறிக்கொண்டே இருந்ததால்தான். ஒவ்வொரு ரைடிங்குக்கும் தனி நீதிபதிகள், வருடத்துக்கு நான்கு முறை கூடும் தனி நீதிமன்றம் என்று ஆனது. வடக்குக்கு நார்த்தலர்ட்டன், கிழக்குக்கு பெவர்லி. பிரிக்காத வேலை எவ்வளவு பாடு என்பதற்குத் தேர்தலே சாட்சி. மொத்த யார்க்‌ஷயரும் ஒரே தொகுதியாக இருந்தபோது, வாக்களிக்க எல்லாரும் யார்க்குக்கே வர வேண்டும். அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸ் போட்டியிட்ட 1807 தேர்தலில் வாக்குப்பதிவு 15 நாள் நடந்தது. 1832-இல்தான் ரைடிங்குக்கு இரண்டு உறுப்பினர் என்று பிரித்தார்கள்.

இதைவிட ஆழமாக வேரூன்றியது பத்திரப்பதிவு. மேற்கு ரைடிங் கம்பளித் துணி நெய்யும் பூமி. நெசவு வியாபாரிக்கு முதல் வேண்டும், நிலத்தைக் காட்டிக் கடன் வாங்குவார். அந்த நிலத்தில் ஏற்கெனவே வேறு அடமானம் இருக்கிறதா என்று கடன் கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்? வில்லங்கம் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1704-இல் வந்த சட்டத்தின்படி வேக்ஃபீல்டில் பதிவகம் திறந்தார்கள். பத்திரத்தின் சுருக்கம் ஒன்றைத் தோலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பெரிய பேரேட்டில் நகலெடுத்து, எந்த நாள், எந்த மணி, எந்தப் பக்கம் என்று குறித்து வைப்பார்கள். மணிக்கணக்கு ஏன் என்றால், பதியாத பத்திரம் பின்னால் வாங்கிப் பதிந்தவர் முன்னால் செல்லாது. ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்றிருந்தால், முந்திப் பதிந்தவர் பிழைத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் பெவர்லியிலும் நார்த்தலர்ட்டனிலும் இதேபோல் திறந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் பெரும்பாலான கவுன்ட்டிகளுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. இன்று ஒரு பழைய வீட்டின் கதையைத் தேடுபவருக்கு அந்தப் பேரேடுகள் புதையல்.

1889-இல் மூன்று ரைடிங்குகளும் மூன்று தனி கவுன்ட்டி மன்றங்கள் ஆயின. 1974 ஏப்ரல் 1 அன்று மூன்றையும் ஒரே நாளில் கலைத்தார்கள். கிழக்கின் பெரும்பகுதி ஹம்பர்சைட் என்ற புதுக் கவுன்ட்டிக்குள் போனது. அந்தப் பெயர் மக்கள் மனதில் ஒட்டவே இல்லை. 22 வருடத்தில், 1996-இல், ஹம்பர்சைடைக் கலைத்து, கிழக்கு ரைடிங் என்ற பெயரில் ஒரு மன்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எல்லை மட்டும் பழையதல்ல. மேற்கில் இருந்த கூல் துறைமுக ஊர் இப்போது கிழக்கு ரைடிங்கில் இருக்கிறது. கிழக்கில் இருந்த ஃபைலி வடக்கு யார்க்‌ஷயருக்குப் போய்விட்டது. பெயர் திரும்பியதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் ஃபைலிக்காரர்களுக்காக வருத்தப்படாமல் இருக்க முடியவில்லை.

இந்தச் சொல் கடலையும் தாண்டியது. 1792-இல், இன்றைய ஒன்டாரியோவின் தெற்குப் பகுதியான மேல் கனடாவில், யார்க் என்றொரு கவுன்ட்டி அமைத்து, அதைக் கிழக்கு ரைடிங், மேற்கு ரைடிங் என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு துண்டுக்கு மூன்றிலொன்று என்று பெயர் வைக்கிறோமே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. துணைநிலை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ அங்கே ஏரிக்கரைச் செங்குத்துப் பாறைகளைக் கண்டதும், வடக்கு ரைடிங்கின் கடலோர ஊரான ஸ்கார்பரோ நினைவுக்கு வந்து, அதே பெயரை அந்த இடத்துக்கு வைத்தார். கனடாவில் நாடாளுமன்றத் தொகுதிக்கே பேச்சுவழக்கில் ரைடிங் என்றுதான் பெயர். இப்போது மொத்தம் 343. அந்த ஸ்கார்பரோவில்தான் இன்று ஈழத்தமிழர்கள் பெருந்திரளாக வாழ்கிறார்கள். 2011-இல் ஸ்கார்பரோ-ரூஜ் ரிவர் ரைடிங்கிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் கனடா நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினராகப் போனார். தேர்தல் வந்தால் அங்கே தமிழர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது: "நீங்கள் எந்த ரைடிங்?"