கரையோர மனையை விற்பதற்கு முன்னால்

நிலத் திட்டமிடல் என் தொழில். கடலோர நிலத்தில் கோல்ஃப் மைதானமும் வீடுகளும் அமைக்க நினைப்பவர்கள் என்னிடம் வரும்போது, பெரும்பாலும் கரையை ஒட்டிய மனைகளுக்கு முன்பணமே வாங்கி முடித்திருப்பார்கள். மைதானத்துக்கு மிச்சமிருக்கும் இடம்தான். அவர்களிடம் நான் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கோல்ஃப் மைதானத்தின் வரைபடத்தை எடுத்துக் காட்டுவேன்.

அந்தக் கரையையும் மனை போட்டு விற்பதாகத்தான் முதலில் திட்டம். நிலத்தின் பொறுப்புக்கு வந்த சாமுவேல் மோர்ஸ் (தந்தி மோர்ஸ் இல்லை, இவர் வேறு) அதை மாற்றினார். கரை மைதானத்துக்கு, வீடுகள் உள்ளே தள்ளி. ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் என்ற இரண்டு அமெச்சூர் ஆட்டக்காரர்கள் 8 என்ற எண்ணின் வடிவில் ஆட்டப் பாதையை வளைத்து, முடிந்தவரை அதிகக் குழிகளைக் கடலோரம் கொண்டுவந்தார்கள். (கோல்ஃபில் குழி என்றால் பந்து விழும் துளை மட்டுமில்லை, முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து அந்தத் துளை வரையிலான முழுத் தடமும்தான்.) 1919-ல் மைதானம் திறந்தது.

ஆனால் 1915-லேயே கரையோரம் ஒரு மனை கைமாறிவிட்டது. விளைவு? நான்காவது குழி கடலை ஒட்டிப் போகிறது, ஆறாவதும் அப்படியே. நடுவில் ஐந்தாவது மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரங்களுக்கிடையே மேடேறியது.

அப்புறம் எத்தனையோ திருத்தங்கள். 18-வது குழியை ஹெர்பர்ட் ஃபவ்லர் நீட்டினார். 8, 13-வது குழிகளின் கிரீன்களை, அதாவது துளையைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையை, அலிஸ்டர் மெக்கன்சி மாற்றினார். 1929 அமெரிக்க அமெச்சூர் போட்டிக்காக சாண்ட்லர் ஈகன் கிரீன்களையும் பங்கர் எனப்படும் மணல் பள்ளங்களையும் பெரிய அளவில் திருத்தி அமைத்தார். ஐந்தாவது குழி மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது. பங்கரை ஒரு சீசனில் மாற்றிவிடலாம், அடுத்தவர் பத்திரத்தில் இருக்கும் நிலத்தை என்ன செய்வது?

1995-ல்தான் அந்த நிலம் திரும்ப மைதானத்தின் கைக்கு வந்தது. இதே மைதானத்தில் 1972 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற ஜாக் நிக்லாஸ் கரையோரமாகப் புதிய ஐந்தாவது குழியை வடிவமைத்தார். 1998-ல் அது ஆட்டத்துக்கு வந்தது. ஒரே ஒரு கிரயம், சரிசெய்ய 83 வருஷம்!

அதனால், மனைக் கற்கள் நடுவதற்கு முன்பே பாதையைத் தரையில் முளையடித்துக் குறிக்கச் சொல்கிறேன். கரையையும் நம்பிவிடாதீர்கள், அலை அரிக்கும். பெபிள் பீச்சிலேயே 18-வது குழிக்குக் கடல்சுவர் காவல் இருக்கிறது. சர்வேயர் அளந்த கோட்டிலிருந்து அரிப்புக்கான இடத்தைக் கழித்து, பாதைக்கு வேண்டியதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதை மனையாகப் போடலாம். சில மனைகள் குறையும். முன்பணம் வாங்கியிருந்தால், கிரயப் பத்திரம் பதிவாகும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுவது மலிவு.