வழு: ‘பக்’குக்கு நம்மிடம் இருக்கும் சொல்

சேலம் அம்மாபேட்டையில் ஒரு தறிக்கூடத்தின் மேல்மாடியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். சேர்வராயன் மலையில் நடக்கும் மாயக்கதை. ஒரு கேரக்டரைத் தேர்ந்தெடுத்து, ஊர் ஊராகப் போய், ஏற்ற வேலையை முடித்து, சண்டை போட்டு வளர வேண்டும். பாதி வேலைகூட முடியவில்லை. ஆனாலும் தெருப்பிள்ளைகளிடமும் கல்லூரி மாணவர்களிடமும் கொடுத்து ஆடச் சொல்கிறோம். வசனம் எழுதுவதும், அவர்கள் சொல்வதை நோட்டில் குறிப்பதும் என் வேலை.

முதல் வாரத்து நோட்டில் எங்கே பார்த்தாலும் ஒரே சொல்தான்: “பக் இருக்குக்கா.” கேமின் நிரலில் (புரோகிராமில்) உள்ள கோளாறுக்குத்தான் பக் என்று பெயர். ஆனால் இவர்களுக்குத் திரை உறைந்து நின்றாலும் பக், கரடி சீக்கிரம் சாகாவிட்டாலும் பக், வாள் விலை அதிகமென்றாலும் பக். அதை வைத்துக்கொண்டு எதை முதலில் திருத்துவது? சொல்லைப் பிடித்தால்தான் விஷயம் பிடிபடும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஆங்கிலத்தில் பக் என்றால் பூச்சி. அதற்கும் முந்தைய இடைக்கால ஆங்கிலத்தில் ‘பக்’ என்று ஒலித்த ஒரு சொல்லுக்குப் பயமுறுத்தும் உரு, பூச்சாண்டி என்று பொருள். இயந்திரக் கோளாறைக் குறிக்க இச்சொல் கணினிக்கு முன்பே வழங்கியது. தாமஸ் எடிசன் 1878-இல் எழுதிய ஒரு கடிதத்தில், புதுக் கருவியில் தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளை அப்படித்தான் சொல்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில், ஒரு ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில்) சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். நிஜமாகவே ஒரு பக் அகப்பட்டது இதுதான் முதல் தடவை என்று பக்கத்திலேயே எழுதினார்கள். பக் என்ற சொல் அந்தப் பூச்சியால்தான் வந்தது என்று பலர் சொல்வது சரியல்ல. சொல் ஏற்கெனவே புழங்கியதால்தான் அந்தக் குறிப்புக்கே அர்த்தம்.

தமிழில் இதைப் ‘பூச்சி’ என்று மாற்றினால் நம் காதுக்கு ஒன்றும் புரியாது. ‘பிழை’ நல்ல சொல், ஆனால் ரொம்ப அகலம். எழுத்துப்பிழை முதல் வாழ்க்கையில் செய்த பிழை வரை எல்லாம் அதில் அடங்கும். ‘பழுது’ என்றால் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது நினைவுக்கு வரும். கணித்தமிழில் பலர் எடுத்துக்கொண்ட சொல் ‘வழு’. நானும் அதன் பக்கம்தான்.

வழு என்றால் நெறியிலிருந்து நழுவுவது. மரபு வழுவாமல் என்கிறோமே, அந்த வழுவுதல். வழுக்குதல், வழுவழுப்பு, இளநீரின் வழுக்கை எல்லாம் ஒரே குடும்பம். எங்கள் கேமில் ஏற்காட்டு மலைப்பாதை அப்படியே இருக்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆடிவிட்டு, “பதினாலாவது வளைவுல ஓரமா நடந்தா தரைக்குள்ள வழுக்கிட்டுப் போயிடறேன்க்கா” என்றாள். போய்ப் பார்த்தால் அங்கே பாறைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி. வழு என்ற சொல் அவளுக்குத் தெரியாது. ஆனால் நடந்ததைச் சொல்ல அவள் வாயில் வந்தது அதன் தங்கைச் சொல்தான்.

இலக்கணத்தில் வழுவுக்கு இன்னும் துல்லியம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் எழுதிய நன்னூல் வழுவை ஏழாகப் பிரிக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது எதற்கென்று தெரியவில்லை. இப்போது அந்த ஏழையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெண் கேரக்டரை எடுத்து ஆடினாலும் ஊர்ப் பெரியவர் “வீரன் வந்துவிட்டான்” என்கிறார்: பால்வழு. கரடியைப் பார்ப்பதற்கு முன்பே பூசாரி “நேற்று கரடியைக் கொன்றாயே” என்று பாராட்டுகிறார்: காலவழு. அதாவது, வேலை முடிந்ததா இல்லையா என்பதை நிரல் சரிபார்க்கவில்லை. வழி கேட்டால் கடைக்காரர் உப்பு விலை சொல்கிறார்: விடைவழு. இரவுக் காட்சியில் ‘ஆந்தை கூவியது’ என்று நான் எழுதியிருந்தேன். குயில்தான் கூவும், ஆந்தை அலறும் என்று ஒரு தமிழாசிரியை சுட்டினார். மரபுவழு, அது முழுக்க என்னுடையது. இப்படிப் பெயரிட்ட பிறகு, எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதே பாதி தெரிந்துவிடுகிறது. பக் என்ற ஒற்றைச் சொல்லால் அது நடக்கவில்லை.

கரடிக்குகைச் சண்டை வேறு சங்கதி. கரடி சாக நாற்பது அடி, நாம் சாக மூன்றே அடி. நிரலில் எழுதியபடிதான் எல்லாம் நடக்கிறது, எதுவும் நழுவவில்லை. அதனால் அது வழு இல்லை. இரண்டு பக்கமும் ஈடாக இருக்கிறதா என்பதைக் கேம் செய்பவர்கள் பேலன்ஸ் என்பார்கள். ஒரு பையனிடம் “பேலன்ஸ் எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டேன். “நானூறு காசு மீதி இருக்குக்கா” என்றான். தப்பு அவனுடையதல்ல, பேலன்ஸ் என்றால் கடையிலும் பஸ்ஸிலும் மீதிச் சில்லறைதான். லத்தீனில் அச்சொல்லின் வேர் இரட்டைத் தட்டு, அதாவது தராசு. நமக்கும் அதே தராசிலிருந்து சொல் இருக்கிறது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்கிறது குறள். ஆகவே நோட்டில் ‘சமன்’ என்று ஒரு பத்தி போட்டேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடையில் கொலுசு நிறுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேள்வியையும் மாற்றிக் கேட்டேன்: “தட்டு எந்தப் பக்கம் இறங்குது?” உடனே பதில் வந்தது: “வில் வச்சிருந்தா நம்ம பக்கம், வாள் வச்சிருந்தா கரடி பக்கம்.” வில்லுக்கு எட்டும் தூரத்தைக் குறைத்தோம்.

ஃபீட்பேக்குக்குப் பின்னூட்டம் என்ற சொல் ஏற்கெனவே நன்றாக வேர்விட்டுவிட்டது, அதைத் தொட வேண்டியதில்லை. பக் ரிப்போர்ட்டை வழுக்குறிப்பு என்றும், டீபக்கிங்கை வழுநீக்கம் என்றும் எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

நீக்கத்தோடு கணக்கு முடிவதில்லை. காரணம் இருந்தால் வழுவையும் ஏற்கலாம் என்கிறது இலக்கணம். அதற்கு வழுவமைதி என்று பெயர். மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்றால் தப்பில்லை. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமில், எதிரிகள் குறையக் குறைய மீதமுள்ளவை வேகமெடுக்கும். திரையில் வரைய வேண்டியது குறைந்ததால் கருவி தானாகவே வேகம் பிடித்ததன் விளைவு அது. செய்தவர் அதை அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தின் சுவையே அதுவாகிப் போனது. எங்கள் மலையடிவாரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி இருக்கிறது. பட்டியில் நிற்க வேண்டியது, ஏதோ வழுவால் ஆடுபவர் பின்னாலேயே மலை உச்சிவரை வருகிறது. திருத்தலாமென்று உட்கார்ந்தபோது ஒரு பின்னூட்டம் கண்ணில் பட்டது: “குட்டிய மட்டும் எடுத்துடாதீங்கக்கா. எங்க போனாலும் அவ எங்கூடவே வர்றா.” ஆட்டை ‘அவ’ என்று எழுதியிருந்தாள். குட்டி இருக்கட்டும் என்று முடிவு செய்து, அந்த வரிக்கு நேரே ‘வழுவமைதி’ என்று எழுதி வைத்தேன்.